எல்டர் பூ கார்டியல்: மரத்தடியிலிருந்து புட்டி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் தென்பகுதியில் மே மாதத்தின் கடைசி வாரம் பிறக்கும்போது, அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு புதர்மரம் வேலியோரங்களிலும் ரயில் பாதைச் சரிவுகளிலும் கால்வாய்க் கரைகளிலும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் வெண்ணெய் நிறப் பூக்களால் தன்னை மூடிக்கொள்கிறது. அதுதான் எல்டர். அது பூக்கும்போது கோடை தொடங்குகிறது என்றும், அதன் கனி கறுக்கும்போது கோடை முடிகிறது என்றும் இந்நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தப் பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, எலுமிச்சையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து வடித்தெடுக்கும் சாறுதான் எல்டர் பூ கார்டியல். நம் ஊர் நன்னாரி சர்பத்தைப் போலவே, கெட்டியாகச் செய்து வைத்துக்கொண்டு வேண்டும்போது தண்ணீர் கலந்து குடிப்பது இது. 1984-இல் லெஸ்டர்ஷயரின் பெல்வோர் பண்ணையில் இதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். பெல்வோர் என்று எழுதினாலும் பீவர் என்றே உச்சரிக்கும் ஊர் அது. இன்று எந்தப் பேரங்காடியிலும் இந்தப் பானம் கிடைக்கிறது. ஆயினும் வீட்டில் செய்ததைக் குடித்தவர்கள் கடைப் புட்டியோடு நிறைவடைவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

அதற்குக் காரணம் மகரந்தம். எல்டர் பூவின் மணமும் சுவையும் பெரும்பாலும் அதன் மஞ்சள் மகரந்தத்தோடு இருக்கின்றன. இந்தச் செய்முறையில் கடினமான வேலை எதுவும் இல்லை. ஆனால் எப்போது பறிப்பது, ஏன் கழுவக் கூடாது, பாகு எவ்வளவு சூட்டில் இருக்கலாம், எத்தனை மணி நேரம் ஊறலாம் என்று எழும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்த மகரந்தத்தை இழக்காமல் புட்டிக்குள் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதிலிருந்தே விடை கிடைக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் அளவுகளை உங்கள் வீட்டு வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதிலும் தவறு நேராது.

மரத்தை இனங்காணுதல்

காட்டிலோ வேலியிலோ பறிக்கும் எதையும் வாயில் வைப்பதற்கு முன் அதை ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்டர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இதே பருவத்தில், இதே வேலியோரங்களில், வெள்ளைப் பூக்களைத் தட்டுத்தட்டாக விரித்து நிற்கும் நச்சுச் செடிகளும் உள்ளன. அவற்றுள் கொடியது ஹெம்லாக். அதன் தண்டு பச்சையாகவும் உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். தண்டின் மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகளும் திட்டுகளும் காணப்படும். இலை கொத்தமல்லி, கேரட் இலைகளைப் போலப் பிளவுபட்டிருக்கும். அது உயிரைப் பறிக்கக்கூடிய செடி. அதன் உறவான வாட்டர் டிராப்வொர்ட்டும் அப்படிப்பட்டதே. ஓடைக்கரைகளில் அது மண்டிக் கிடக்கிறது. இவற்றிலிருந்து எல்டரைப் பிரித்தறியும் முதல் அடையாளம், அது செடியன்று என்பதுதான். எல்டர் மரக்கட்டையுடைய புதர் அல்லது சிறுமரம். முதிர்ந்த அடிமரத்தின் பட்டை தக்கையைப் போலத் தடித்து, ஆழமாக வெடித்திருக்கும். பூங்கொத்து நிலத்திலிருந்து நேரே எழும் பச்சைத் தண்டின் நுனியில் இருந்தால், அதைத் தொடாமல் விலகிவிடுங்கள்.

இரண்டாவது அடையாளம் இலை. எல்டரின் இலை கூட்டிலை. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து, சில வேளை ஏழு சிற்றிலைகள் இருக்கும். அவற்றின் ஓரம் ரம்பப் பல்லைப் போன்றது. இலைகள் கிளையில் எதிரெதிராக, இணை இணையாக அமைந்திருக்கும். ரோவன் மரத்துக்கும் கூட்டிலையும் வெண்பூங்கொத்தும் உண்டு, ஆனால் அதில் சிற்றிலைகள் கூடுதலாக இருக்கும். இலைகள் கிளையில் மாறி மாறி அமைந்திருக்கும். எல்டர் இலையைக் கசக்கி முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் நாற்றம் வரும். பூவோ அதற்கு நேர்மாறானது. ஒவ்வொரு சிறு பூவிலும் ஐந்து இதழ்களும், அவற்றுக்கிடையே ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகளும் இருக்கும். குள்ள எல்டர் என்று இன்னொரு இனம் ஐரோப்பாவில் உண்டு. அது ஆண்டுதோறும் வேரிலிருந்து முளைக்கும் செடி. அதன் மகரந்தப் பைகள் ஊதாச் சிவப்பாக இருக்கும். அது சமையலுக்கு உதவாது.

எல்டர் மரத்திலும் பூவும் பழுத்த கனியும் மட்டுமே சமையலுக்கு உரியவை. இலை, பட்டை, தண்டு, பச்சைக் காய் ஆகியவற்றில், உடலுக்குள் சென்றதும் சயனைடைத் தோற்றுவிக்கும் சேர்மங்கள் இருக்கின்றன. ஆகவே பூக்களைக் கத்தரிக்கும்போது தடித்த பச்சைக் காம்புகளை நீக்குவது சுவைக்காக மட்டும் செய்யும் வேலையன்று.

எங்கே பறிக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. தானாக வளர்ந்திருக்கும் செடி கொடிகளின் பூவையும் கனியையும் இலையையும் ஒருவர் பறித்தால், அது விற்பனைக்கோ வேறு வணிகப் பயனுக்கோ அல்லாதபோது, அவர் அதைத் திருடியதாகக் கருதப்படமாட்டார். ஆனால் ஒருவருடைய நிலத்துக்குள் நுழையும் உரிமையை இந்தச் சட்டம் யாருக்கும் தரவில்லை. இயற்கைக் காப்பிடங்களுக்கும் பூங்காக்களுக்கும் தனி விதிகள் உள்ளன. லண்டனில் ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் எதையும் பறிக்க அனுமதியில்லை. நான் கிழக்கு லண்டனில் எங்கள் அலாட்மென்ட் தோட்டத்தின் (பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பலருக்கு வாடகைக்கு விடும் பொதுத் தோட்டம்) வேலியில் நிற்கும் மரங்களிலிருந்தே பெரும்பாலும் பறிக்கிறேன். அடுத்த பாத்திக்காரரின் பக்கம் சாயும் கிளையாக இருந்தால், ஒரு சொல் கேட்டுவிட்டே பறிக்கிறேன்.

எல்டர் மரத்தில் ஓர் அன்னை குடியிருக்கிறாள் என்றும், அவளிடம் அனுமதி கேளாமல் கிளையை வெட்டினால் கேடு வரும் என்றும் இங்கிலாந்திலும் டென்மார்க்கிலும் பழைய நம்பிக்கை உண்டு. வேப்பமரத்தைத் தாயாகக் கும்பிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது. நான் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

சாலையோரத்து மரங்களைத் தவிர்த்துவிடுங்கள். வாகனப் புகையும் தூசியும் பூவில் படிந்திருக்கும், அதைக் கழுவிப் போக்கவும் நம்மால் முடியாது. நடைபாதை ஓரமானால், நாய்களின் உயரத்துக்கு மேலேயுள்ள கொத்துகளை மட்டும் எடுங்கள்.

பறிக்கும் நாளும் நேரமும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன்.

நம் மொழியில் பூவின் பருவங்களுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று ஏழு பெயர்கள் உண்டு. எல்டரின் ஒரே கொத்தில் இவற்றுள் நாலைந்தை ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஏனெனில் அதிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. நமக்கு வேண்டியது, பெரும்பான்மைப் பூக்கள் மலராகவும், ஓரத்தில் ஒரு சில இன்னும் மொட்டாகவும் இருக்கும் கொத்து. அதன் நிறம் வெண்ணெயைப் போலிருக்கும். கொத்தின் அடியில் உள்ளங்கையை வைத்து விரலால் மெல்லத் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும்; அது உதிர்ந்தால் சரியான நாளில் வந்திருக்கிறோம் என்று பொருள். இதழே உதிர்ந்தால் மகரந்தம் ஏற்கனவே போய்விட்டது. ஓரம் பழுப்பேறிய கொத்து ஒன்று சேர்ந்தாலும் பாத்திரம் முழுவதற்கும் ஊறிய வைக்கோல் வாடை வந்துவிடும். அதை இரக்கமின்றி ஒதுக்குங்கள்.

மழை மகரந்தத்தைக் கழுவிவிடும். ஆகையால் மழை விட்ட மறுகணமே கூடையை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு வறண்ட நாட்கள் போகட்டும், புதிய பூக்கள் விரியட்டும். வெயிலுள்ள நாளில், பனியீரம் காய்ந்த பின், முற்பகலில் பறிப்பதே சிறந்தது. பனியீரத்தோடு பறித்த பூ கூடையிலேயே வதங்கிப் பழுக்கிறது. பிற்பகல் வெயிலில் காய்ந்த பூவில் மணம் குறைந்துவிடுகிறது. அந்தியில் கட்டிய மல்லிகைக்கும் மறுநாள் உச்சிவெயிலில் வாடிய மல்லிகைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒவ்வொரு மரத்தையும் முகர்ந்து பார்க்க வேண்டும். அருகருகே நிற்கும் இரண்டு எல்டர் மரங்களின் மணம் ஒன்றாக இருப்பதில்லை. நல்ல மரத்தின் பூவில் எலுமிச்சையும் லிச்சிப் பழமும் மஸ்கட் திராட்சையும் கலந்தாற்போல் ஒரு வாசம் வரும். இது வெறும் கற்பனையன்று. லிச்சிக்கும் மஸ்கட் வகைத் திராட்சைக்கும் அந்த மணத்தைத் தரும் ரோஸ் ஆக்ஸைடு என்ற சேர்மம் எல்டர் பூவிலும் இருக்கிறது, கொத்தமல்லி விதையில் நாம் உணரும் லினலூலும் இருக்கிறது. மோசமான மரத்தின் பூவில் பூனை மூத்திர நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் சர்க்கரையில் மறைவதில்லை. மூக்கு வேண்டாம் என்று சொன்னால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

கொத்தை அதன் தண்டு பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே கத்தரிக்கோலால் வெட்டி, அகன்ற கூடையிலோ காகிதப் பையிலோ தளர்வாக இடுங்கள். பிளாஸ்டிக் பையில் பூ வியர்த்துவிடும். தண்டுகளில் கறுப்பு அசுவினிப் பூச்சிகள் அப்பியிருக்கும் கொத்துகளை எடுக்க வேண்டாம். ஒரு மரத்தை மொட்டையடிக்கவும் வேண்டாம். பூவை எல்லாம் நாமே எடுத்துவிட்டால் ஆகஸ்ட், செப்டம்பரில் கனி இராது, அந்தக் கனியை நம்பி வரும் பறவைகளுக்கும் எதுவும் இராது. மரத்துக்கு ஆறேழு கொத்துகள் என்று நாலைந்து மரங்களிலிருந்து எடுத்தாலே நமக்குத் தேவையானது சேர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் தெற்கில் ஜூன் நடுப்பகுதியோடு நல்ல பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. வடக்கே போகப்போகப் பருவம் தள்ளிப்போகும்; ஸ்காட்லாந்தில் ஜூலையிலும் பூ கிடைக்கும்.

அளவுகள்

தண்ணீர் ஒன்றரை லிட்டர், வெள்ளைச் சர்க்கரை ஒன்றரைக் கிலோ, உள்ளங்கையளவு விரிந்த பூங்கொத்துகள் 25 (சிறியவையானால் 30), பெரிய மஞ்சள் எலுமிச்சை மூன்று, சிட்ரிக் அமிலம் 60 கிராம். இவற்றிலிருந்து இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான கார்டியல் கிடைக்கும்.

சர்க்கரை வெள்ளையாகவே இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் எனக்கும் பிடித்தவைதாம், ஆனால் அவற்றுக்குச் சொந்தமான மணம் இந்தப் பூவின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடும். எலுமிச்சையைப் பொறுத்தவரை, நம் ஊரில் அப்பெயரால் அழைக்கும் சிறிய உருண்டைப் பழம் இதற்கு ஏற்றதன்று. இங்கே வேண்டியது தடித்த மஞ்சள் தோலுடைய பெரிய பழம், ஏனெனில் சாற்றைவிட அதன் தோலிலுள்ள எண்ணெய்தான் பூவின் மணத்தோடு இழைகிறது. கடைகளில் பளபளப்புக்காக மெழுகு பூசாத பழங்களைத் தனியாக விற்கிறார்கள். அவை கிடைக்காவிட்டால் மற்றவற்றை வெந்நீரில் தேய்த்துக் கழுவிக்கொள்ளலாம்.

சிட்ரிக் அமிலம் சேர்க்காமல் எலுமிச்சையை மட்டும் கூட்டிப் போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஓரிரு வாரத்தில் குடித்துத் தீர்ப்பதானால் போதும். அதைத் தாண்டி வைத்திருக்க அமிலம் தேவை. பூவோடு இயற்கையாகவே வந்து சேரும் ஈஸ்ட்டையும் பிற நுண்ணுயிர்களையும் அதுதான் கட்டுக்குள் வைக்கிறது. சர்க்கரையின் திகட்டலையும் வெட்டுகிறது. பிரிட்டனில் சில மருந்துக் கடைகள் இதை விற்கத் தயங்கும், ஏனெனில் போதைப் பொருள்களைக் கரைக்கவும் இது பயன்படுகிறது. வீட்டில் ஒயினும் பீரும் செய்வோருக்கான கடைகளிலும் நம்மவர் மளிகைக் கடைகளிலும் தடையின்றிக் கிடைக்கும். ஜூன் பிறப்பதற்குள் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தேக்கரண்டிக் கணக்கை நம்பாமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

பூவைத் தயார் செய்தல்

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கொத்துகளை அதன்மேல் பரப்பி, அரை மணி நேரம் நிழலில் விட்டுவிடுங்கள். சிறு வண்டுகளும் பூச்சிகளும் தாமாகவே வெளியேறும். பிறகு ஒவ்வொரு கொத்தையும் எடுத்து, கண்ணால் பார்த்து, மெதுவாக ஒருமுறை உதறுங்கள். பலமாக உதறினால் பூச்சியோடு மகரந்தமும் போய்விடும். கழுவவே கூடாது. வேட்டியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் பொடியைப் பூச்சி நீக்கிப் பாத்திரத்தில் தட்டிவிடலாம்.

பிறகு காம்புகள். கத்தரிக்கோலால் பூக்களை அவற்றின் நுண்காம்புக்கு மிக அருகே வெட்டிப் பாத்திரத்துக்குள் விழவிடுங்கள். நூலிழை போன்ற காம்புகள் கொஞ்சம் சேர்வதைத் தவிர்க்க முடியாது; அதனால் கேடில்லை. தடித்த பச்சைக் காம்பு அப்படியன்று. அதைச் சேர்த்தால் கார்டியலில் கசப்பும் பச்சைப்புல் நெடியும் ஏறிவிடும். 25 கொத்துகளுக்கு இருபது நிமிடங்கள் ஆகும்; பறித்த மூன்று மணி நேரத்துக்குள் இந்த வேலை முடிந்து பூ பாகுக்குள் போய்விட வேண்டும். வெட்டிய பூக்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் செய்யலாம் என்று எண்ண வேண்டாம்; மறுநாள் காலை அவை பழுப்பேறியிருக்கும்.

பாகும் ஊறலும்

தண்ணீரையும் சர்க்கரையையும் அடுப்பில் ஏற்றிக் கிளறிக் கரையுங்கள். கம்பிப் பதமோ பிசுக்குப் பதமோ தேவையில்லை. சர்க்கரை முழுதும் கரைந்து ஒரு கொதி வந்தால் போதும். இறக்கி, சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்துக் கரைத்து, பாத்திரத்தை மூடி ஆறவிடுங்கள்.

பாகைக் கொதிக்கக் கொதிக்கப் பூவின்மேல் ஊற்றும் வழக்கமும் உண்டு. அதனால் நுண்ணுயிர்கள் ஓரளவு அழியும், புளிக்கும் அபாயம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பூவின் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. கொதிநீர் பட்டவுடன் சமையலறை முழுவதும் மணக்கும், அந்த மணம் புட்டிக்குள் இராது. பூ வெந்துபோய்க் கீரை வேகும் வாடையும் கொஞ்சம் எழும். நான் இரண்டு முறைகளிலும் செய்து, பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்திருக்கிறேன். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பாகில் ஊறவைத்ததே ஒவ்வொரு முறையும் மணத்தில் முந்தியது. அமிலம் பாகில் ஏற்கனவே கலந்திருப்பதால் ஒரு நாளைக்குள் புளித்துவிடும் என்ற அச்சமும் இல்லை.

பாகு ஆறும் நேரத்தில் எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் தோல்சீவியால் பட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், அது வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சிய பழத்தில் அந்த வெள்ளைத் தோலையும் நீக்கி, வட்டமாக நறுக்கி, கொட்டைகளை எடுத்துவிடுங்கள். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாலான பெரிய பாத்திரத்தில் பூ, தோல், எலுமிச்சை வட்டங்கள் ஆகியவற்றை இட்டு, ஆறிய பாகை ஊற்றி, எல்லாம் மூழ்கும்படி அமுக்கிவிடுங்கள். அலுமினியப் பாத்திரமும் பித்தளையும் ஆகா. அமிலம் அவற்றை அரித்துவிடும். பூ மேலே மிதந்து காற்றுப் பட்டால் பழுப்பாகும். அதனால் ஒரு சிறு தட்டை மேலே கவிழ்த்து அமுக்கி வைப்பது என் வழக்கம். சுத்தமான துணியால் வாயை மூடி, குளிர்ச்சியான இடத்தில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். காலையும் மாலையும் ஒருமுறை சுத்தமான கரண்டியால் கிளறுங்கள்.

ஒரு நாளுக்குப் பின் ஒரு தேக்கரண்டி எடுத்து, தண்ணீரில் கலந்து சுவையுங்கள். மணம் போதாது என்று தோன்றினால் இன்னும் பன்னிரண்டு மணி நேரம் ஊறட்டும். 48 மணி நேரத்தைத் தாண்ட விட வேண்டாம். அதற்குமேல் மணம் கூடுவதில்லை, கசப்புத்தான் கூடுகிறது. கோடை வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் நுரைக்கவும் தொடங்கிவிடும்.

வடிகட்டுதல்

மஸ்லின் துணியை, அல்லது நைந்து மென்மையான வேட்டித் துண்டைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பிழிந்து, வடிகட்டியின்மேல் இரண்டாக மடித்து விரித்து, சாற்றை ஊற்றித் தானாக வடியவிடுங்கள். முடிவில் துணியை மென்மையாக ஒருமுறை அழுத்தலாம். முறுக்கிப் பிழிய வேண்டாம், காம்பின் கசப்பு இறங்கிவிடும். வடித்த கார்டியல் வைக்கோல் நிற ஒளியோடு, இலேசான கலங்கலாக இருக்கும். அந்தக் கலங்கல் பெரும்பாலும் மகரந்தம். அதைப் போக்கக் காப்பி வடிதாளில் மறுபடியும் வடிக்கச் சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. இத்தனை பாடுபட்டுக் காத்த பொருளை இறுதியில் தாளில் விட்டுவிட்டு வெறும் தெளிவை வாங்குவதில் பயனில்லை. சில நாளில் புட்டியின் அடியில் மஞ்சளாய்ப் படியும். குலுக்கி ஊற்றினால் ஆயிற்று.

புட்டியில் அடைத்தலும் பாதுகாத்தலும்

கண்ணாடிப் புட்டிகளைச் சோப்பு நீரில் கழுவி, அலசி, 140 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள ஓவனில் பதினைந்து நிமிடம் வைத்தெடுங்கள். மூடிகளையும் புனலையும் கொதிநீரில் போட்டெடுக்கலாம். சூடான புட்டியில் குளிர்ந்த சாற்றை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும், ஆறட்டும்.

இந்த அளவில் செய்த கார்டியலில் எடைக்கணக்கில் பாதிதான் சர்க்கரை. சர்க்கரை தானே காவல் காக்க இது போதாது. ஆகையால் அறைச் சூட்டில் வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஆறு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கிய ஆண்டில், நன்றாகத்தானே வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு புட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு அது வெடித்தது. கண்ணாடிச் சில்லுகள் அறையின் மறுகோடி வரை சிதறிக் கிடந்தன. குழந்தைகள் அந்நேரம் அங்கே இல்லாததை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. பூவிலுள்ள ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும். இறுக மூடிய கண்ணாடியில் அதற்கு வழியில்லை. மூடியைத் திறக்கும்போது சீறினாலோ, ஓரத்தில் குமிழிகள் எழுந்தாலோ, கள்ளின் வாடை அடித்தாலோ, அந்தப் புட்டியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

இந்தப் புளித்தலை வேண்டுமென்றே நடத்திக் குடிக்கும் மரபும் இருக்கிறது. ருமேனியாவில் சொகாத்தா என்பார்கள். இங்கிலாந்தில் வீடுகளில் அதை எல்டர் பூ ஷாம்பெய்ன் என்றே அழைத்து வந்தார்கள். ஆனால் சர்ரேயில் ஒரு திராட்சைத் தோட்டம் அந்தப் பெயரில், மதுவற்ற பானம் ஒன்றை விற்றபோது, பிரெஞ்சு ஷாம்பெய்ன் தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது வேறு செய்முறை, அதற்கென அழுத்தம் தாங்கும் புட்டிகள் வேண்டும்.

நீண்ட காலம் வைத்திருக்க மூன்று வழிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது உறையவைத்தல். பிளாஸ்டிக் புட்டிகளில் கழுத்துக்குக் கீழே இரண்டு அங்குல இடம் விட்டு நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் அடுத்த பூக்காலம் வரை மணம் மாறாமல் இருக்கும். சர்க்கரை மிகுதியால் அது கல்லாக உறையாமல் கூழ்போல் நிற்கும். இரண்டாவது, சூடேற்றிக் காத்தல். ஆழமான பாத்திரத்தின் அடியில் துணியை மடித்துப் போட்டு, நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளைத் தளர்வாக மூடி நிறுத்தி, கழுத்தளவு தண்ணீர் ஊற்றி, மெல்லச் சூடாக்குங்கள். புட்டிக்குள்ளிருக்கும் சாறு 75 பாகை செல்சியஸை எட்டியதும் அந்தச் சூட்டிலேயே இருபது நிமிடம் வைத்து, எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள். இதற்கு ஒரு சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது. இப்படிச் செய்தவை இருட்டான, குளிர்ந்த அலமாரியில் பல மாதங்கள் இருக்கும். ஆனால் புதுப் பூவின் மணத்தில் ஒரு பங்கு போய்விடும். திறந்த பின் இவையும் குளிர்சாதனப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். மூன்றாவது, சர்க்கரையை இரண்டரைக் கிலோவாகக் கூட்டுதல். அப்போது சர்க்கரையின் பங்கு அறுபது விழுக்காட்டைத் தாண்டி, கெடுவது வெகுவாகக் குறையும். எனினும் குளிர்ச்சியிலேயே வைப்பது நல்லது. எனக்கு அது அளவுமீறி இனிக்கிறது. பூவைவிடச் சர்க்கரையே நாக்கில் முன்நிற்கிறது.

குடிக்கும் முறையும் பிற பயன்களும்

ஒரு பங்கு கார்டியலுக்கு ஆறு முதல் எட்டுப் பங்கு குளிர்ந்த தண்ணீர் சரியாக இருக்கும். சோடா நீரில் கலந்தால் குமிழிகள் மணத்தை மூக்குக்கு ஏற்றிக் கொடுக்கின்றன. விருந்தினருக்கு அப்படித்தான் கொடுக்கிறேன். ஊறிய சப்ஜா விதையை ஒரு கரண்டி சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. குளிர்காலத்தில் வெந்நீரில் கலந்தும் குடிக்கலாம்.

சமையலில் எல்டருக்கு மிகப் பொருந்தும் துணை, இங்கிலாந்தின் கூஸ்பெர்ரி. நம் நெல்லிக்காய்க்கும் அதற்கும் உறவில்லை, புளிப்பில் மட்டுமே ஒற்றுமை. இரண்டும் ஒரே மாதத்தில் வருகின்றன. கூஸ்பெர்ரியைச் சிறிது தண்ணீரில் வேகவைத்து இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி கார்டியல் ஊற்றினால், அந்தப் புளிப்புக்குள் திராட்சை மணம் எழுகிறது. நறுக்கிய ஸ்ட்ராபெரியின்மேல் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைக்கலாம். எலுமிச்சைக் கேக்கைச் சூடாக இருக்கும்போதே குச்சியால் துளையிட்டு அதில் ஊற்றலாம். 2018 மே 19 அன்று விண்ட்சரில் நடந்த இளவரசர் ஹாரியின் திருமணத்துக்கு எலுமிச்சையும் எல்டர் பூவும் சேர்ந்த கேக் செய்தார்கள். அதற்கான பாகு, அரசியின் சாண்ட்ரிங்கம் பண்ணையில் நின்ற எல்டர் மரங்களின் பூவிலிருந்தே காய்ச்சப்பட்டது. எந்தப் பலகாரமானாலும் அடுப்பை அணைத்த பிறகு கார்டியலைச் சேருங்கள்.

தோட்டத்தில் இடமிருப்பவர்கள் கருஞ்சிவப்பு இலையும் இளஞ்சிவப்புப் பூவும் உடைய எல்டர் வகையை நட்டுக்கொள்ளலாம். பிளாக் லேஸ் என்ற பெயரில் நாற்றுப் பண்ணைகளில் விற்பது இதுதான். செய்முறை மாறாது, ஆனால் பூவின் நிறமி அமிலத்தில் பளிச்சென்று சிவப்பதால் கார்டியல் ரோஜா நிறத்தில் வரும். மணம், காட்டு மரத்தின் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

புட்டிகளை உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் நாளையும், எந்த மரத்துப் பூ என்பதையும் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் புட்டிகளில் 'வேலி மூலை மரம், ஜூன் 3' என்பதுபோல் இருக்கும். ஜனவரியில் அவற்றைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துவிட்டு, அடுத்த ஜூனில் எந்த மரத்தடிக்கு முதலில் போவது என்பதை அப்போதே குறித்துக்கொள்கிறோம்.